ஒரே நாளில் ஆறு பருவம்

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் முன்னோர் வருஷத்தை ஆறு பருவங்களாகப் பிரித்து வைத்தார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு மாதம் தவணை. ஒன்று விடைபெற்றுக்கொண்ட பிறகே அடுத்தது வாசலில் வந்து நிற்கும். இந்த மரியாதையெல்லாம் தெரியாத வானம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் கிடக்கும் நார்வே தேசத்தின் வானம்தான் அது. அத்தேசத்தின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் பட்டணத்தில் ஆறு பருவங்களும் ஒரே நாளில், சில சமயம் ஒரே முற்பகலில், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து போகின்றன.

காலையில் ஜன்னலைத் திறந்தால் வானம் கழுவித் துடைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருக்கும். துறைமுகத்தில் படகுகளின் நிழல் தண்ணீரில் அசையாமல் கிடக்கும். ஒரு கோப்பைக் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவதற்குள் எதிரே இருந்த மலையைக் காணோம், மேகம் விழுங்கியிருக்கும். தெரு முனைக்குப் போவதற்குள் தூறல். மீன் அங்காடியை அடைவதற்குள் மழை மேலிருந்து விழுவதை விட்டுப் பக்கவாட்டில் வந்து அறையும். குடையை விரித்தவர் பாடு பரிதாபம். காற்று ஒரே மூச்சில் குடையை மேல்நோக்கி மலர்த்தித் தாமரைப் பூவாக்கிவிடும். பிறகு சிறிது நேரம் ஆலங்கட்டி. அதற்கும் பிறகு, ஒன்றுமே நடவாதது போல வெயிலும் வானவில்லும்!

பெர்கன்வாசிகளே தங்கள் ஊரைப்பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். வெளியூர்ப் பிரயாணி ஒருவர் ஒரு வாரம் தங்கி, ஏழு நாளும் நனைந்துவிட்டு, தெருவில் கண்ட பையனைப் பார்த்து, "தம்பி, இந்த ஊரில் மழை எப்போதாவது நிற்குமா?" என்று கேட்டாராம். "எனக்கு எப்படித் தெரியும், ஐயா? எனக்குப் பன்னிரண்டு வயதுதானே ஆகிறது!" என்றானாம் பையன்.

கதை வேடிக்கைதான், ஆனால் கணக்கும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பெர்கனிலோ 2,250 மில்லிமீட்டருக்கு மேல். அதுவும் வருஷத்தில் 200 நாளுக்கு மேலாகப் பங்கிட்டுப் பெய்கிறது. 2006-ம் வருஷம் அக்டோபர் மாதம் 29-ந் தேதி தொடங்கிய மழை, 2007 ஜனவரி 21-ந் தேதி வரையில் 85 நாட்கள், ஒரு நாள்கூட ஓயாமல் பெய்தது. மழை சிறிது நேரம் விட்டிருக்கும் இடைவெளிக்கு அந்த மொழியில் தனிப் பெயரே உண்டு. நாம் "வானம் வெளிவாங்கியிருக்கிறது" என்கிறோமே, அந்த நிலையை "நிறுத்த வானிலை" என்று பொருள்படும் ஒரே சொல்லால் அவர்கள் சொல்கிறார்கள். மழை பெய்வது இயல்பு. நிற்பதுதான் விசேஷம் என்பது அதிலிருந்து விளங்கும்.

இப்படிப்பட்ட வானத்தின் கீழே ஒரு ஜனசமூகம் ஆயிரம் வருஷமாக முகம் சுளிக்காமல் குடியிருக்கிறது. எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் நாம் பார்க்கவேண்டிய விஷயம்.

ஏன் இந்தச் சபலம்?

பெர்கன் பூமியின் 60-வது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அதே ரேகையை மேற்கே தொடர்ந்து போனால் உறைபனி மூடிய கிரீன்லாந்தின் தென்முனைக்கு அருகில் போய்ச் சேருவோம். நியாயப்படி பெர்கன் துறைமுகமும் மாரிக்காலத்தில் உறைந்து கிடக்கவேண்டும். ஆனால் ஜனவரியில்கூட அங்கே கடல் உறைவதில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தின் தெற்கிலிருந்து புறப்படும் வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று நார்வேயின் கரையைத் தடவிக்கொண்டு செல்கிறது. அந்தக் கடல்மேல் வீசிவரும் மேல்காற்று வெப்பத்தையும் ஈரத்தையும் சுமந்து வருகிறது. கரையை அடைந்ததும் எதிரே சுவர் எழுப்பினாற்போல் மலைகள் நிற்கின்றன. ஏற வழியில்லாமல் காற்று மேலே எழும்புகிறது, எழும்பியதும் குளிர்கிறது, குளிர்ந்ததும் சுமையை இறக்கிவைக்கிறது. அந்தச் சுமைதான் பெர்கனின் மழை.

மலையைத் தாண்டி உள்நாட்டுக்குப் போனால் கதை தலைகீழ். ஷோக் என்ற பள்ளத்தாக்குப் பிரதேசத்தில் வருஷம் முழுவதும் 300 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. அங்குள்ள குடியானவர்கள் மலையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து பயிர் செய்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்புறம் மலையாள நாட்டில் மழை கொட்டுவதையும், இப்புறம் நம் சமவெளி ஏங்கி நிற்பதையும் கண்டவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ஒரே இயற்கை விதி இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது.

ஆனால் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவதற்கு மலை மட்டும் காரணமல்ல. துருவத்திலிருந்து இறங்கிவரும் குளிர்க் காற்றும், தெற்கிலிருந்து வரும் வெப்பக் காற்றும் வட அட்லாண்டிக் மேலே எதிரெதிராகச் சந்திக்கின்றன. அவை பாலும் தண்ணீரும் போல உடனே கலந்துவிடுவதில்லை. மல்லர்களைப்போல் ஒன்றையொன்று நெட்டித் தள்ளுகின்றன. அந்த எல்லைக்கோட்டில் சுழல்கள் தோன்றி, ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே கிளம்பி நார்வேயின் கரையில் வந்து மோதுகின்றன. ஒரு சுழல் கடந்து போகும்போது முதலில் மெல்லிய மேகம், பிறகு விடாத மழை, பிறகு சற்றுக் கதகதப்பு, திடீரென்று குளிர், அதன் பின்னே வெயிலும் ஆலங்கட்டியும் மாறி மாறி என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. ஒன்று போய் முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். சபலபுத்தி போலத் தோன்றும் வானத்துக்கு உள்ளே இப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பளியும் பருத்தியும்

"கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, கெட்ட உடுப்புத்தான் உண்டு" என்பது நார்வேக்காரர்களின் பழமொழி. அவர்கள் மொழியில் வானிலைக்கு "வேர்" என்று பெயர். துணிமணிக்கு "க்ளேர்" என்று பெயர். இரண்டும் இயைபாக அமைந்துவிட்டதால் பழமொழி குழந்தைகள் வாயில்கூடப் பாட்டுப்போல் வருகிறது.

அந்த உடுப்பு மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டியிருப்பது மெல்லிய கம்பளிச் சட்டை. அதற்கு மேலே தடித்த கம்பளி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் நுழையாத மேலங்கி. கம்பளிக்கு ஒரு குணம்: நனைந்த பிறகும் அது உடம்பின் சூட்டைக் காத்துக் கொடுக்கும். நமக்கு உயிர் போன்ற பருத்தி அங்கே பகை. வியர்வையை உறிஞ்சி, ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, உடம்பைக் குளிரச் செய்கிறதல்லவா பருத்தி? சித்திரை மாதத்து மதுரையில் அந்தக் குணத்துக்காகத்தான் அதைக் கொண்டாடுகிறோம். நார்வே மலையில் அதே குணம் ஆளைக் கொன்றுவிடும். துணியில் நல்லது கெட்டது இல்லை. இடத்துக்கு ஏற்றது, ஏற்காதது என்பதே உண்டு.

மூன்று அடுக்குகளையும் போட்டுக்கொண்டு நடப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேட்டில் ஏறத் தொடங்குவதற்கு முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார்கள். உச்சியில் போய் நின்றதும், குளிரத் தொடங்குவதற்கு முன்பே மறுபடி போட்டுக்கொள்கிறார்கள். வியர்க்கவும் கூடாது, நடுங்கவும் கூடாது. ஒரு மணி நேர நடையில் நாலைந்து தடவை கழற்றுவதும் போடுவதும் நமக்கு வேடிக்கையாக இருக்கும். வானம் நாலைந்து தடவை உடை மாற்றும்போது மனிதன் மட்டும் சும்மா இருக்கலாமா?

மழையைத் தடுக்கும் மேலங்கிக்குக் கடல்தான் பிறப்பிடம். ஹெல்லி யூல் ஹான்சன் என்ற கப்பல் தலைவர் பல வருஷம் கடலில் நனைந்து அலுத்துப்போனவர். 1877-ல் அவரும் அவர் மனைவியும் மோஸ் என்ற ஊரில், லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் தோய்த்து, தண்ணீர் ஒட்டாத மேலங்கிகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஹெல்லி ஹான்சன் என்ற பெயரில் அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. எண்ணெய்த் துணி போய் ரஸாயனத் துணி வந்துவிட்டது. மழை மட்டும் பழைய மழைதான்.

மழையில் வளரும் குழந்தைகள்

பாலர் பள்ளி ஒன்றின் வேலிக்கு வெளியே நின்று நான் கண்ட காட்சியை நம் தாய்மார்கள் கண்டால் பதறிப்போவார்கள். விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் இருபது பேர், தோள்வார் வைத்த மழைச் சராயும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, சேற்றுக் குட்டையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை குட்டையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாளியால் தண்ணீரை மொண்டு தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது. உபாத்தியாயினி பக்கத்திலேயே நின்றார், அதட்டவில்லை. "மழையில் நனையாதே, சளி பிடிக்கும்!" என்ற உபதேசத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு அது வேற்றுலகமாகத் தோன்றிற்று.

இதற்குப் பின்னால் பலமான ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் எழுதிய ஒரு கொக்கியும், மாற்று உடுப்பு வைக்க ஓர் அறையும் உண்டு. நனைந்த துணிகளை உலர்த்துவதற்கென்றே சூடான காற்று ஓடும் அலமாரி பல பள்ளிகளில் இருக்கிறது. குதித்து முடித்த குழந்தை உள்ளே வந்தால் உலர்ந்த கம்பளி காத்திருக்கிறது. அந்த அலமாரி இல்லாமல் அந்தத் துணிச்சலும் இல்லை. கைக்குழந்தைகளைக்கூடக் கம்பளியில் பொதிந்து, தள்ளுவண்டியில் படுக்கவைத்து, குளிர்காலத்திலும் வாசலில் தூங்கவிடுகிறார்கள். வெளிக்காற்றில் குழந்தை நன்றாகத் தூங்கும் என்பது அந்நாட்டுத் தாய்மாரின் நம்பிக்கை.

வானிலையைப் பார்த்து விளையாட்டை ஒத்திவைத்தால் பெர்கன் குழந்தை வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கவேண்டியதுதான். ஆகவே, அவர்கள் ஒத்திவைக்காமலிருக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

மரமும் புல்லும்

ஈரமான தேசத்தில் மரவீடு எத்தனை நாள் நிற்கும் என்று நாம் சந்தேகப்படலாம். போர்குண்ட் என்ற ஊரில் சுமார் 1180-ல் எழுப்பிய மாதாகோயில் முழுவதும் மரத்தாலானது. எண்ணூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. ரகசியம் இரண்டு. முதலாவது, தூண்களை மண்ணில் புதைக்காமல் கல் அஸ்திவாரத்தின்மேல் கிடத்திய உத்தரங்களில் நிறுத்தினார்கள். தரையின் ஈரம் அடிமரத்தைத் தொடவில்லை. இரண்டாவது, தேவதாரு இனத்து மரத்திலிருந்து வடித்த கீலைத் தலைமுறை தலைமுறையாகப் பூசிவந்தார்கள். பெர்கன் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் பழைய வர்த்தக வீடுகளும் மரமே. 1702-ல் அவற்றை எரித்தது நெருப்பு. மறுபடி கட்டியவற்றை மூன்று நூற்றாண்டு மழையால் அழிக்க முடியவில்லை. பராமரிப்பு என்பதை அவர்கள் ஒரு விரதம் போல நடத்துகிறார்கள்.

மழை விடாத ஊரில் குடியானவன் மாட்டுக்குப் புல்லை எப்படி உலர்த்துவான்? தரையில் பரப்பினால் அழுகிவிடும். ஆகையால் வயலில் கம்பங்களை நட்டு, குறுக்கே கம்பிகளை வரிசையாகக் கட்டி, அறுத்த புல்லைக் கொடியில் துணி போடுவது போலத் தொங்கவிட்டான். மேலே கிடக்கும் புல் கூரைபோல் தண்ணீரை வடித்துவிடும். கீழே உள்ளது காற்றில் உலரும். வெயிலை நம்பாமல் காற்றை நம்பிச் செய்த யுக்தி இது. இக்காலத்தில் இயந்திரம் புல்லைச் சுருட்டிப் பிளாஸ்டிக் உறையில் கட்டிப் போட்டுவிடுகிறது. ஆயினும் மலைச் சரிவான சில இடங்களில் அந்தப் பழைய புல்வேலிகளை இன்னும் காணலாம்.

கடல் கேட்ட விலை

இதுவரை சொன்னதெல்லாம் நனைவதையும் உலர்வதையும் பற்றியது. ஆனால் மாறும் வானம் உயிரையும் கேட்கும். 1899-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி மாலை, ஃபிரேயா தீவைச் சேர்ந்த தித்ரான் என்ற மீன்பிடித் துறையிலிருந்து செம்படவர்கள் திறந்த படகுகளில் மத்தி இனத்து மீன் பிடிக்கக் கடலுக்குப் போனார்கள். அமைதியான மாலை. இரவில் புயல் எழுந்தது. விடிவதற்குள் 140 பேர் மாண்டார்கள். புயல் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லத் தெரிந்தவர்களும் இல்லை.

அந்த இடத்தில் பெர்கனின் மழை ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் என்ற நார்வே விஞ்ஞானி ஜெர்மனியிலுள்ள லைப்ஸிக் நகரில் ஆசிரியராக இருந்தார். 1917-ல் தாய்நாட்டுக்குத் திரும்பிப் பெர்கனில் குடியேறினார். முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நார்வே யுத்தத்தில் சேரவில்லை. எனினும், பிரிட்டனிலிருந்து தந்தி மூலம் வந்துகொண்டிருந்த வானிலைச் செய்திகள் யுத்த ரகசியமாகி நின்றுபோயின. வெளியிலிருந்து தானியம் வருவதும் குறைந்தது. தேசம் தன் வயலையே நம்பவேண்டியதாயிற்று. வயலோ வானத்தை நம்பியிருந்தது. ஸ்வீடனோடு இருந்த பிணைப்பை 1905-ல்தான் அறுத்துக்கொண்டு முழுச் சுதந்திரம் பெற்றிருந்த சிறிய தேசம் அது. அயலாரின் தந்தி நின்றதே என்று அழுதுகொண்டு உட்காரவில்லை. "நம் கரையில் நாமே பார்த்துச் சொல்வோம்" என்று துணிந்தது.

1918-ம் வருஷக் கோடையில் மேற்கு நார்வேயின் வானிலைக் காவல் நிலையங்கள் ஏறக்குறையப் பத்து மடங்காகப் பெருகின. கலங்கரை விளக்கக் காவலரும், செம்படவரும், குடியானவரும் காற்றின் திசை, மேகம், மழை இவற்றைப் பார்த்துத் தந்தி கொடுத்தார்கள். பியெர்க்னெஸ் குடும்பம் குடியிருந்த மரவீட்டின் மேல்மாடியில் சில இளைஞர்கள் அவற்றைப் படத்தில் குறித்துக்கொண்டே வந்தார்கள். பியெர்க்னெஸின் மகன் யாக்கோபுக்கு அப்போது இருபது வயதுதான் கடந்திருந்தது. ஹல்வோர் ஸூல்பெர்க், ஸ்வீடனைச் சேர்ந்த தோர் பெர்யெரோன் முதலியோர் அவனுடைய தோழர்கள். படத்தில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தபோதுதான், குளிர்க் காற்றும் வெப்பக் காற்றும் மோதும் அந்தக் கூர்மையான எல்லைக்கோடு முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. யாக்கோபு 1919-ல் அதைப்பற்றி எழுதி வெளியிட்டார். ஐரோப்பாவில் அப்போது எங்கும் யுத்தப் பேச்சாக இருந்ததால், போர்முனையைக் குறிக்கும் "ஃபிரண்ட்" என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்கள். இன்றைக்கு உலகமெங்கும் வானிலைப் படங்களில் காணும் அந்தக் கோடுகள் மழை ஓயாத ஓர் ஊரின் மேல்மாடியில் பிறந்தவை.

இந்தக் கதைக்கு நம் தேசத்தோடும் சம்பந்தம் உண்டு. தித்ரானில் செம்படவர்கள் மாண்ட அதே 1899-ல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. கொடிய பஞ்சம் வந்தது. மழை பொய்ப்பதை முன்கூட்டி அறிய முடியுமா என்ற கேள்வியோடு 1904 முதல் 1924 வரையில் இந்திய வானிலை இலாகாவின் தலைவராக இருந்து ஆராய்ந்தவர் கில்பர்ட் வாக்கர். பசிபிக் சமுத்திரத்தின் மேலும் இந்து சமுத்திரத்தின் மேலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுகள் போல மாறி மாறி ஏறி இறங்குகிறது என்று அவர் கண்டார். ஏன் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. அந்த விடையை 1969-ல் சொன்னவர் கலிபோர்னியாவில் குடியேறியிருந்த யாக்கோபு பியெர்க்னெஸ். பசிபிக் கடல் சில வருஷங்களில் வழக்கத்துக்கு மேல் சூடாவதோடு அந்தத் தராசு பிணைந்திருக்கிறது என்று காட்டினார். அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே சூட்டினார். எல் நினோ என்று இப்போது நம் பத்திரிகைகளில் அடிபடும் விஷயம் அதுதான். பெர்கன் மழையைப் படித்த கண் நம் பருவமழையின் முடிச்சையும் அவிழ்க்க உதவியது.

திரும்பி வருவதில் வெட்கமில்லை

பெர்கனிலிருந்து தலைநகரான ஆஸ்லோவுக்குப் போகும் ரயில் பாதை 1909-ல் திறக்கப்பட்டது. கடல் மட்டத்தில் புறப்படும் வண்டி ஃபின்ஸே என்ற ஸ்டேஷனில் 1,222 மீட்டர் உயரத்தை அடைகிறது. கீழே பசும்புல்லைப் பார்த்துவிட்டுச் சில மணி நேரத்தில் வெண்பனிப் பாலைவனத்தில் வந்து நிற்போம். தென்துருவப் பிரயாணி ஷாக்கிள்டன் 1914-ல் தம் கருவிகளைப் பரீட்சை செய்ய இந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். இங்கே மோட்டார் ரஸ்தாக்களில் பனிப்புயல் அடிக்கும்போது தனியே யாரையும் விடுவதில்லை. பனி அள்ளும் இயந்திரம் முன்னே செல்ல, வண்டிகள் வரிசையாகப் பின்தொடரவேண்டும். எத்தனை பெரிய மனிதராயிருந்தாலும் வரிசைதான்.

இந்த மலைகளில் ஈஸ்டர் விடுமுறைக்கு ஜனங்கள் திரள் திரளாகப் பனிச்சறுக்கு நடைக்குப் போவது வழக்கம். 1967-ம் வருஷ ஈஸ்டரில் வானம் திடீரென்று மாறியது. பத்துக்கு மேற்பட்டோர் மலைகளில் உயிரிழந்தார்கள். அந்த வருஷமே செஞ்சிலுவைச் சங்கமும் நார்வே மலைநடைச் சங்கமும் சேர்ந்து மலைக்குப் போகிறவர்களுக்கான ஒழுக்க விதிகளைப் பரப்பின. 2016-ல் திருத்தி அமைத்த பிறகும் அவை ஒன்பதுதான். போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போ. வானிலை அறிவிப்பை மதி. சிறு நடைக்கும் பெருங்குளிருக்கு ஆயத்தமாகப் போ. படமும் திசைகாட்டியும் எடுத்துக்கொள் என்ற கருத்துக்களெல்லாம் அவற்றில் உண்டு. எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட விதி ஒன்று: காலத்தில் திரும்பி வா, திரும்புவதில் வெட்கமில்லை.

இந்த விதியை முன் சொன்ன பழமொழியோடு சேர்த்துப் பாருங்கள். "கெட்ட வானிலையே இல்லை" என்று சொல்லி வெளியே தள்ளுகிற அதே ஜனங்கள் "திரும்பி வருவதில் வெட்கமில்லை" என்றும் சொல்கிறார்கள். முதல் வாக்கியத்தை மட்டும் கற்றவன் மலையில் சாவான். இரண்டாவதை மட்டும் கற்றவன் வீட்டை விட்டே கிளம்பமாட்டான். இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்வதுதான் அந்த நாட்டின் வித்தை.

திரும்ப முடியாதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். 1868-ல் தொடங்கிய மலைநடைச் சங்கத்துக்கு 550-க்கு மேற்பட்ட குடில்கள் தேசமெங்கும் உண்டு. வழி நெடுகக் கற்குவியல்களில் சிவப்பு வர்ணத்தால் "டி" என்ற ஆங்கில எழுத்து தீட்டியிருக்கும். மூடுபனியில் அதுதான் துணை. பல குடில்களில் காவலாள் கிடையாது. அங்கத்தினர்களிடம் பொதுச் சாவி இருக்கிறது. உள்ளே விறகும் அடுப்பும், பல இடங்களில் உணவுப் பொருள்களும் இருக்கின்றன. உண்டதையும் உறங்கியதையும் புஸ்தகத்தில் எழுதிப் பணத்தைச் செலுத்திவிட்டு, அடுத்தவருக்கு விறகு பிளந்து வைத்துப் போவது மரியாதை. இடம் நிறைந்துவிட்டது என்று புயலில் வந்தவரை வெளியே அனுப்புவதில்லை; தரையிலாவது படுக்கை உண்டு. நம்முடைய பழைய சத்திரங்களை நினைப்பூட்டும் தர்மம் இது.

உடுப்பு இல்லாதவனுக்கு?

ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. கெட்ட உடுப்புத்தான் உண்டு என்பது நல்ல உடுப்பு வாங்கக்கூடியவன் சொல்லும் பேச்சல்லவா? கம்பளியும் மழையங்கியும் மலிவான சரக்கல்ல. வளரும் குழந்தைக்கு வருஷந்தோறும் புதிது வேண்டும். அந்தத் தேசத்திலும் கஷ்டப்படும் குடும்பங்கள் இருக்கின்றன; வெப்ப நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களும் இருக்கிறார்கள். இதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாக, பனிச்சறுக்குப் பலகை முதலிய வெளிவிளையாட்டுச் சாமான்களை இலவசமாக இரவல் கொடுக்கும் நிலையங்கள் பல ஊர்களில் ஏற்பட்டிருக்கின்றன. புத்தகசாலையில் புத்தகம் வாங்குவது போல வாங்கி, உபயோகித்து, திருப்பிக் கொடுக்கலாம். சாகுபடி செய்யாத நிலத்திலும் காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம், கூடாரம் அடித்துத் தங்கலாம் என்ற பழைய வழக்கத்தை 1957-ல் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். வீடுகளுக்கு 150 மீட்டருக்குள் கூடாரம் போடக் கூடாது என்பது முக்கியமான நிபந்தனைகளில் ஒன்று. வானம் எல்லோருக்கும் பொது என்றால், அதன் கீழே நடக்கும் உரிமையும் பொதுவாகத்தானே இருக்கவேண்டும்?

வானிலைச் செய்தியையும் அவர்கள் பொதுச் சொத்தாக்கிவிட்டார்கள். 1866-ல் தொடங்கிய அரசாங்க வானிலை நிலையமும் தேசிய வானொலி ஸ்தாபனமும் சேர்ந்து 2007 முதல் ஒரு சேவை நடத்துகின்றன. அவர்கள் ஊர் மட்டுமல்ல, உலகத்தின் எந்தப் பட்டணத்துக்கும் மழை வருமா, வெயில் வருமா என்று அதில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். கும்பகோணத்துக்கும் பார்க்கலாம். அதற்கு வைத்த பெயர் "யூர்". அவர்கள் பாஷையில் தூறல் என்று அர்த்தம்.

ஐம்பத்தைந்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகை உள்ள தேசம். பூமியின் வட கோடியில், மலைக்கும் கடலுக்கும் இடையே, சபலமான வானத்தின் கீழே அமைந்துவிட்டது. அந்த வானத்தை அவர்கள் வணங்கவும் இல்லை, வையவும் இல்லை. ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள், பார்த்ததைக் குறித்துக்கொண்டார்கள், குறித்ததை எல்லோருக்கும் சொன்னார்கள். குழந்தைக்குக் கம்பளியும், புல்லுக்குக் கம்பியும், மரத்துக்குக் கீலும், வழி தவறியவனுக்குக் குடிலும் தயார் செய்தார்கள். 1899-ல் சொல்லுவாரின்றி மாண்ட செம்படவர்களின் பேரர்கள் இன்று கடலுக்குப் போகுமுன் காற்று எப்போது திரும்பும் என்று தெரிந்துகொண்டே படகை அவிழ்க்கிறார்கள். வானம் அன்றைக்கு இருந்தது போலவேதான் இன்றைக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. மாறியவர்கள் மனிதர்கள்.